குடைக்கம்பியால் திறந்த சீர்ப்பெட்டி

1961ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் முதல் பூட்டைத் திறந்தேன். புதுக்கோட்டையில் கல்லூரி விடுதிக்கு வந்து இறங்கிய அன்றே டிரங்குப் பெட்டியின் சாவியைத் தொலைத்திருந்தேன். உடைத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனமில்லை. கொண்டை ஊசியை வளைத்து, ஒரு மணி பத்து நிமிடம் அதனுடன் மல்லுக்கட்டினேன். திறந்ததும் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காமல் மறுபடியும் பூட்டினேன். இரண்டாம் முறை ஆறு நிமிடம்தான் ஆயிற்று.

அதன்பின் அதுவே என் பொழுதுபோக்காயிற்று. பழைய இரும்புக் கடையில் சாவியில்லாத சிறு பூட்டுகளை வாங்கினேன். ஒன்றை அரத்தால் ராவிப் பிளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மலிவான பூட்டின் சாவியில் பெரும்பாலான வெட்டுகள் திறப்பதற்கானவை அல்ல; உள்ளிருக்கும் தடைகளில் இடிக்காமல் கடந்து போவதற்கானவை. திறப்பது நுனி மட்டுமே. பித்தளைப் பூட்டு அப்படி ஏமாறாது. அதனுள்ளே தகடுகள் உண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு கம்பியால் பூட்டின் நாக்கை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் தகடுகளைத் தேட வேண்டும். இதற்கெனப் பழைய குடைக்கம்பிகளைத் தட்டி நுனி வளைத்து வைத்துக்கொண்டேன். செய்யுளைப் பதம் பிரிப்பதற்கு வேண்டிய பொறுமையே இதற்கும் வேண்டியிருந்தது.

பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று விடுதியில் கேட்காதவர்கள் குறைவு. தலையணை உறையில் பூத்தையல் போடுகிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரு விதியை மட்டும் எனக்கு நானே வகுத்துக்கொண்டேன்: எனக்குச் சொந்தமல்லாத பூட்டைத் தொடுவதில்லை.

மறு ஆண்டு மே மாத விடுமுறையில், இலுப்பூரில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனேன். அத்தான் திருச்சியில் ஆலை வேலை, சனிக்கிழமைகளில்தான் வருவார். மற்ற நாட்களில் அக்காவும் அவள் மாமியாரும் மட்டுமே. அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அன்னவாசல் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அவளுக்கு நேர்காணல் அட்டை வந்திருந்தது. நான் போன மறுநாளே நேர்காணல், அசல் சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டும். சான்றிதழ்கள் அவளுடைய சீர்ப்பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி மாமியாரின் இடுப்புக் கொத்தில் இருந்தது.

முதல் பிள்ளை பிறக்கும்வரை மருமகளின் பெட்டிச் சாவி மாமியாரிடம் இருப்பது அந்த வீட்டு வழக்கம். கல்யாணமாகி மூன்று வருடமாயிற்று, பிள்ளை இல்லை. சேலை வேண்டுமென்றால் கேட்க வேண்டும். மாமியார் திறந்து, எடுத்துக்கொடுத்துவிட்டுப் பூட்டுவார். சான்றிதழை அக்கா நான்கு முறை கேட்டுவிட்டாள். மகன் வரட்டும் என்றார் மாமியார். மகன் சனிக்கிழமை வருவார், நேர்காணல் புதன்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாமியார் கொல்லையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா என் பையிலிருந்த கம்பிகளைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“காலேசுல இதத்தான் சொல்லித் தாராங்களாடி?”

“இல்லக்கா. இது நானா படிச்சது.”

“அப்பத் தொறந்து குடு.”

நான் மறுத்தேன். பெட்டி அவளுடையது; அதற்குப் பூட்டு வாங்கிப் போட்டது எங்கள் அப்பா. என் விதிப்படி அதைத் திறக்க உரிமையுள்ளவள் அவள்தான். கம்பிகளை அவள் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்தப் போனவளைத் தடுத்தேன். தன் பெட்டியைத் திறக்க ஒருத்தி ஒளிய வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொன்னேன். அவள் நாக்கை அழுத்திப் பிடித்தாள், தகடுகள் இறுகிக்கொண்டன. பிடியைத் தளர்த்தச் சொன்னேன். மூன்று முறை தோற்று, நான்காம் முறை வளையம் எகிறித் திறந்தது.

சான்றிதழ் உறையை அவள் மடியில் எடுத்து வைத்தபோது, தவிட்டுக் கையோடு மாமியார் வாசற்படியில் நின்றார். முதலில் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கொத்து அங்கேதான் இருந்தது.

“சாவி எங்கிட்டத்தான இருக்கு. ஒந் தங்கச்சி செஞ்ச வேலைன்னு சொல்லு, ஆத்தா. இத்தோட விட்டுர்றேன்.”

அக்கா அப்படிச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். பழி என்னோடு ஊருக்குப் போயிருக்கும். உறை மறுபடியும் பெட்டிக்குள் போயிருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நாந்தான் தொறந்தேன், அத்தை. பூட்டி வச்சாலும் மறுபடி தொறப்பேன். நாளைக்கு அன்னவாசலுக்குப் போறேன்.”

மாமியாரின் கோபம் என் பக்கம் திரும்பியது. இந்த வீட்டில் வேறு எதையெதை நோண்டினாய் என்று கேட்டு, என் பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். இலக்கணப் புத்தகம் ஒன்று, நோட்டுகள் இரண்டு, மாற்றுச் சேலை, ஐந்து பூட்டுகள். ஒவ்வொரு பூட்டாகக் கையிலெடுத்து, தம் வீட்டுப் பூட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். அன்று பேசினேன்.

“ஒங்க பூட்டு எதையும் நான் தொடலைங்க, அத்தை. தொட்டிருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

மரியாதையாகத்தான் சொன்னேன். மரியாதையாகச் சொன்னதுதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

“காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பிரு” என்றார்.

அன்றிரவு அக்கா சான்றிதழ் உறையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை அவர் சொன்னபடியே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அக்கா குளித்து, தலை பின்னி, உறையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என்னுடன் வந்தாள். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று மாமியாரிடம் சொன்னாள், அவர் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பஸ்ஸில் நடத்துநர் என்னருகே வந்து, புதுக்கோட்டைக்கா என்றார். இல்லை என்று சொல்லி, அன்னவாசலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.