வாய் திறக்காத பிள்ளை

என் கணவருக்குத் தம்பானூரில் ஓட்டல் வேலை கிடைத்து, தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிது. மகளைப் பக்கத்து அங்கன்வாடியில் சேர்த்தேன். அங்கே எல்லாம் மலையாளப் பிள்ளைகள். தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். கேலி செய்வார்களே என்று பயந்து, "அங்க போயி வாயே தொறக்காத, என்னட்டி?" என்று சொல்லி அனுப்பினேன்.

சில வாரங்களில் டீச்சரே வீடு தேடி வந்துவிட்டார். பிள்ளைக்குப் பேச்சு வராது என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்ல வந்தாராம். வாசலில் என் மகள் பூனையிடம் கதையளந்துகொண்டிருந்தாள். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். கூனிக்குறுகி உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ சேச்சி! மோள் தமிழ் பறையட்டே. நாங்க படிச்சுக்கிறோம்," என்று சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் என் மகள், "சாப்பிடுவமா?" என்று கேட்டாள். "சாப்பிடுவம்!" என்று பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். டீச்சரின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

அதுவரை நானும் கடைத்தெருவில் விரலை நீட்டியே மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று திரும்பும் வழியில் மீன்காரியிடம் சத்தமாகவே கேட்டேன்: "சாளை என்ன வெல, அக்கா?"