செங்கழுத்தா, கருந்தாடையா

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணை வீட்டுக்குப் போய்த் திரும்பிய என் கணவர், பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஓசனிச்சிட்டுகளுக்குச் சீனித்தண்ணீர் வைக்கிற கிண்ணம். பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் அந்தக் கட்டைவிரல் அளவுப் பறவையை ஜேர்மன்காரர் கொலிப்ரி என்பார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அது கிடையாது. நாங்கள் இருப்பது ஜேர்மனியில், ஹம் நகரத்தில், மூன்றாம் மாடியில்.

“இஞ்ச கொலிப்ரி வராதப்பா” என்றேன்.

“ஏன், நாங்கள் வரேல்லையே?” என்றார்.

அவருக்கு அதில் ஒரு மானப் பிரச்சினை இருந்தது. அண்ணை வீட்டு முற்றத்தில் அவர் ஒரு பெண் சிட்டைப் பார்த்திருக்கிறார். அது செங்கழுத்து இனம், இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் உண்டு என்று அண்ணை சொல்லியிருக்கிறார். இவர், இல்லை, கருந்தாடை என்றிருக்கிறார். ஆண் சிட்டுகளைக் கழுத்து நிறத்தைக் கொண்டு பிரித்துவிடலாம். பெண் சிட்டுகள் இரண்டு இனத்திலும் ஒரே பச்சை முதுகு, ஒரே சாம்பல் வயிறு. ஆனால் கருந்தாடை தேன் குடிக்கும்போது வாலை ஓயாமல் ஆட்டும், செங்கழுத்து அவ்வளவாக ஆட்டாது என்று இவர் எங்கோ வாசித்திருந்தார். அந்தச் சிட்டு வாலை ஆட்டியதைத் தன் கண்ணால் கண்டாராம். அண்ணை காணவில்லை, அவர் இறைச்சி வாட்டிக்கொண்டு நின்றார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவருக்கும் வீடியோவில் சண்டை.

எங்கள் கிண்ணத்துக்குக் குளவிகள் வந்தன. கணவர் மனம் தளரவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம், முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பல்கனியிலிருந்து அடங்கிய குரல் வந்தது.

“இஞ்ச வா. அசையாதை. கெதியா வா.”

அசையாமல் எப்படிக் கெதியாக வருவது என்று கேட்க நேரமில்லை. பெற்றூனியாப் பூவின் முன்னால் அது நின்றது. சிறகு தெரியவில்லை, மங்கலாக ஓர் அதிர்வு மட்டும். நீளமான அலகு பூவுக்குள் இருந்தது. பின்னால் குஞ்சம் போல ஒரு வால். வால் ஆடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏன் மறைப்பான்.

“கருந்தாடை” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

உடனே அண்ணையை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “மச்சான், அது ஆட்டேல்லை. காத்து ஆட்டுது. செங்கழுத்துத்தான்” என்றார். அது எப்படி ஜேர்மனிக்கு வந்தது என்று அவரும் கேட்கவில்லை.

அது நாள்தோறும் பின்னேரம் வந்தது. செய்தி பரவியது. கோயிலுக்குப் போய் வந்தவர்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நான் றோல்ஸ் பொரித்துக் கை ஓய்ந்தேன். பல்கனியில் மூன்று பேருக்குமேல் நிற்க ஏலாது. மற்றவர்கள் குளியலறை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். “இவ்வளவு தூரம் வந்திருக்குது, பாவம்” என்றார் ஒரு அக்கா. “அகதியாப் பதிஞ்சிட்டுதோ?” என்று கேட்டார் அவருடைய கணவர். கொஞ்ச நேரத்தில் வீடு செங்கழுத்துக் கட்சி, கருந்தாடைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. சத்தம் தாங்காமல் முறையிட மேலே வந்த கீழ்வீட்டு ஜேர்மன் அம்மா, ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் செங்கழுத்தில் சேர்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர்தான் தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். ஓய்வுபெற்றவர், பறவை பார்க்கிறவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியை முக்காலியோடு வரவேற்பறையில் நிறுத்தினார். பூச்சாடி மிகக் கிட்ட இருந்ததால் அதில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பல்கனிக் கதவடியில் முழங்காலில் இருந்து வெறுங்கண்ணால் பார்த்தார்.

“இதற்கு உணர்கொம்புகள் இருக்கின்றன” என்றார்.

அன்றைக்கும் வந்து கூடியிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

“இது பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. கோடையில் தெற்கிலிருந்து வரும். அலகு என்று நீங்கள் நினைப்பது உறிஞ்சுகுழல். பாருங்கள், சுருட்டுகிறது.”

அது சுருட்டியது. எனக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. கணவர் மட்டும் தளராமல் ஜேர்மன் மொழியில் கேட்டார்: “சரி, பூச்சி. ஆனால் இது ஒரு கொலிப்ரியாக இருந்திருந்தால், எந்த இனம்?”

அந்த மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பவும் முழங்காலில் இருந்து, தேநீர் ஆறிப்போகும் வரைக்கும் பார்த்தார்.

“பின்பகுதியை விடாமல் அசைக்கிறது. அந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், கருந்தாடை. ஆனால் எழுத்தில் தரமாட்டேன்.”

வீட்டில் பாதிப்பேர் கைதட்டினார்கள். கீழ்வீட்டு அம்மா எழுந்து போய்விட்டார். “ஜேர்மன் நிபுணரே சொல்லிப்போட்டார்!” என்று கணவர் அண்ணைக்குச் சொன்னார். “அந்தாளை முதல்ல கண் டொக்டரிட்டைக் காட்டச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அண்ணை தொலைபேசியை வைத்தார். தீபாவளி வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

முதியோர் இல்லத்தில் நான் ஏற்கெனவே கொலிப்ரிக் கதையைச் சொல்லியிருந்தேன். வெட்கத்தோடு போய், அது பூச்சிதான் என்று திருத்தினேன். அங்கே ஒருவரும் ஏற்கவில்லை. பூச்சி என்று சொல்லி யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

அந்தப் பறவைக்காரரும் என் கணவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். வசந்தம் வந்ததும் லிப்பே ஆற்றோரப் புல்வெளிக்குச் சேர்ந்து போகத் தொடங்கினார்கள். ஒருமுறை நானும் போனேன். அங்கே சில்ப்சால்ப், ஃபிட்டிஸ் என்று இரண்டு இனச் சின்னக் குருவிகள் உண்டு. பெற்ற தாய்க்கே குழப்பம் வரும். ஒன்றுக்குக் கால் கறுப்பு, மற்றதற்கு வெளிர்நிறம். அந்தக் காலைப் பார்ப்பதற்காக இரண்டு ஆண்களும் ஈரப்புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். அவர் சில்ப்சால்ப் என்றார், இவர் ஃபிட்டிஸ் என்றார். நான் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது குருவியே வாயைத் திறந்து, “சில்ப், சால்ப், சில்ப், சால்ப்” என்று தன் பெயரைச் சொல்லிப் பாடியது.

கணவர் என் பக்கம் திரும்பித் தமிழில் மெல்லச் சொன்னார்: “மற்றதைப் போலப் பாடிக் காட்டுது, கள்ளன்.”