மாதர் சங்கத் தலைவி

இன்று அலுவலகக் கழிப்பறையில் பினாயில் வாடை மூக்கில் ஏறியதும், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரத்தில், இப்போது மேம்பாலத் தூண்கள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் சின்னத் தமிழ் சர்ச்சுக்கு நினைவில் போய்விட்டேன். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் அதன் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்; ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகையும் இஞ்சின் எண்ணெயும் கலந்து மணக்கும்.

அம்மா அங்கே மாதர் சங்கத் தலைவி. ஆண்டுக் கூட்டத்தன்று துப்புரவுக்கு ஆள் வராததால், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மாவே கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெளியூரிலிருந்து பேச வந்திருந்த அம்மையார் அந்தப் பக்கம் வந்து, "தலைவி எங்கம்மா?" என்று கேட்டார்.

"நான்தாங்க. தரை வழுக்கும், பாத்து வாங்க. இதோ முடிஞ்சிடுச்சு."

அம்மாவின் குரலில் கூச்சமே இல்லை. அந்த அம்மையார் ஒரு கணம் பார்த்தார்; பிறகு கைப்பையை ஜன்னலில் மாட்டிவிட்டு, வாளியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அதைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மரத்தடியில் என்னைத் தேடிவந்த தோழி, "அது உங்க மம்மியா?" என்றாள்.

"ஹவ், ஆமா, எங்கம்மாதான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.