மன்றாட்டுத் தாளின் மூன்றாவது வரி

செய்தி கோயில் வாசலில் வந்தது. ஞாயிறு காலைப் பூசைக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"புளோரா அக்கா விடியப்புறம் ஆஸ்பத்திரியில போயிட்டா," என்றார் மணி அடிப்பவர்.

என் கையில், பூசையில் வாசிக்கும் வேண்டுதல்கள் எழுதிய அன்றைய மன்றாட்டுத் தாள். மூன்றாவது வரியில், விரைவில் சுகம் பெற வேண்டியவர்களுள், அவருடைய பெயர்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில், யன்னலுக்குப் பின்னால் இருந்து படகுகளுக்கு ஐஸ் எடுக்கும் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதும் மன்றாட்டுகளைக் கோயிலில் வாசித்தவர்.

எழுதும் என்றேன். உண்மையில் எழுதவில்லை. கணினியில் பழைய கோப்பு ஒன்று இருந்தது. திகதியை மாற்றுவேன். பல்கலைக்கழகம் முடித்தவள் என்று எனக்குத் தந்த வேலை அது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், அக்கா தாளை என்னிடம் நீட்டினார்.

"சூசையப்புவுக்குச் சுகம் கேட்டிருக்கிறீர், பிள்ளை. அந்தாளை அடக்கம் செய்து மூண்டு கிழமை."

தாளை வாங்கிப் பார்த்தேன்.

"உம்மை மட்டும் சொல்லேல்லை. நானும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் யோசிச்சனான். சனம் முழுக்க 'கேட்டருளும் ஆண்டவரே' எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டுது. ஆரும் திரும்பிப் பாக்கேல்லை."

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தார். நானோ அவரோ நேரில் போய்ப் பார்க்காத எவருடைய பெயரும் தாளில் ஏறாது. பெரும்பாலும் அவரே போனார். நான் தட்டச்சு செய்தேன்.

பிறகு அன்ரன். டைனமைட் போட்டு மீன் பிடிக்கப்போய் வலது கையை இழந்தவர். குஞ்சு மீனையும் அழித்தவன் என்று மற்றப் படகுக்காரருக்குக் கோபம். அவர் வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை. அக்கா போனார். பெயரோடு வந்தார்.

"இதை வாசிச்சாப் பிரச்சினை வரும், அக்கா."

"வரட்டும். பிரச்சினை வராத மன்றாட்டைத்தானே இவ்வளவு நாளும் வாசிச்சனாங்கள்."

வாசித்தார். கோயில் பதில் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். மீண்டும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நிப்பன். இண்டைக்கு எனக்கு வேலை இல்லை."

கடைசியில் பதில் சொன்னவர் படகு முதலாளி மரியதாஸ் சம்மாட்டி. அன்ரனால் அதிகம் நட்டப்பட்டவர். ஆளைத் திட்டுவது போலவே சொன்னார், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே." மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "கோவத்தோட சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும். தூக்கத்தில சொன்னாத்தான் எனக்குச் சந்தேகம்."

அதற்குப் பிறகு அன்ரன் பூசைக்கு வரத் தொடங்கினார். கடைசி வாங்கில் உட்காருவார்.

கடந்த வியாழன் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"என்ரை பேரும் தாளில இருக்காம். ஆர் வந்து பாத்தது?"

"ஞாயிறு பூசை முடிய வாறன், அக்கா."

"ஓம், ஓம். பூசை முடிய." சிரித்தார். நான் கடைசியாகக் கேட்ட சிரிப்பு.

ஞாயிறு பூசையில் வாசிக்க அவர் இல்லை. நான் எழுந்து போனேன். மூன்றாவது வரி வந்தது. அதைத் தாண்டிப் போயிருக்கலாம். எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

தாளை மடித்தேன்.

"புளோரா அக்கா இண்டைக்கு விடிய இறந்திட்டா. அவவுக்குச் சுகம் கேட்டு நான் எழுதினனான். போய்ப் பாக்கேல்லை. எனக்காக மன்றாடுங்கோ."

மின்விசிறிச் சத்தம். நான் நின்றேன். பிறகு கடைசி வாங்கிலிருந்து அன்ரனின் குரல், தனியாக:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு வெற்றுத் தாள். பழைய கோப்பை அழித்துவிட்டேன். வரும் ஞாயிறுக்கு ஒரு பெயர் தந்திருக்கிறார்கள். நிலாவெளியில் வீடு. அங்கே போனால் வரவேற்க மாட்டார்கள், நாயும் இருக்கிறது என்கிறார்கள்.

பெயரை இன்னும் எழுதவில்லை. மூன்றரைக்கு பஸ்.