எழுத்து: ரிஸ்வானா

ரிஸ்வானா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்று எனக்குச் சொன்னது அவருடைய எழுத்தேதான். கெலிஓயாச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கம்பத்தில் புதுப் பெனர். கண்ணீர் அஞ்சலி. படத்தில் ராத்தா. டெங்கு நான்கே நாளில் கொண்டுபோயிருந்தது. அடியில், அவர் வேலை செய்த அச்சுக்கடை முதலாளியின் பெயர். அதற்கு முன்னால் 'எழுத்து வடிவமைப்பு' என்று. அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது.

ராத்தாவை அறிந்த உங்களுக்கு அவர் வரைந்த அந்த அச்செழுத்தையும் தெரியும். கடுகண்ணாவை முதல் ஹுன்னஸ்கிரிய வரை டியூஷன் வாத்திமார் எல்லாரும் நோட்டீஸ்களில் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் சிரிக்கிறார்கள். தடித்த எழுத்து. நுனியில் தனியாக ஒட்டிய கட்டை கிடையாது. கோடே போகப் போக அகன்று, நாதஸ்வர வாய் போல விரிந்து முடியும். கல்யாண அட்டையில் மிடுக்கு, மரண அறிவித்தலில் மரியாதை, மீன்கடைப் பலகையில் சத்தம். "ஓடுற பஸ்ஸுல ஈக்கிறவனுக்கும் வெளங்கணும், தங்கச்சி" என்பார்.

எங்கள் பாடசாலைத் தமிழ்த் தினப் பெனர் அடிக்க அந்தக் கடைக்குப் போய்த்தான் பழக்கம். எங்கள் அதிபர் பேசினால் மேசை ஆடும் என்பதால், 'அதிபர்' என்பதை 'அதிர்பவர்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ராத்தா சிரிக்கவில்லை. "இவ்வளவு பெருசா வாணாம். சின்னதா போட்டா எவனும் புடிக்கிறல்ல" என்றார். அன்றே கூட்டாளியாகிவிட்டோம்.

அந்த எழுத்தை இரண்டு வருடம் வரைந்தார். பழைய டியூஷன் நோட்டீஸ்களின் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால். பிறகு வீட்டு லெப்டொப்பில். அச்சில் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒருநாள் கடைக் கொம்பியூட்டரில் போட்டார். அடுத்த வாரமே அது முதலாளியின் எழுத்து. மற்றக் கடைகளுக்கும் விற்றார். முதலும் போடாமல், ஒரு கோடும் போடாமல் அவர் முதலாளி. ராத்தா கேட்டதற்கு, "என்ட கொம்பியூட்டர்ல ஈக்கிறது என்ட" என்றாராம்.

நான் கொதித்தேன். ராத்தா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "விடுங்க. அவர் எடுத்தது முடியாத எழுத்து. ஞவுக்கு நான் இன்னும் வால் விரிக்கல்ல."

உண்மைதான். முதலாளி விற்கும் எழுத்தில் ஞவின் வால் மட்டும் இன்றுவரை மொட்டை. கண்டியில் தொங்கும் அஞ்சலிப் பெனர் எதையும் பாருங்கள். கேட்டால் அதுதான் ஸ்டைல் என்கிறார்.

எங்கள் தமிழ் மன்ற மலரில் இந்த நினைவுப் பக்கங்களைச் சும்மா அடித்துத் தருவதாக முதலாளியே முன்வந்தார். எழுத நான் கையைத் தூக்கினேன். பொறுப்பாசிரியை இதை வாசித்தார். ராத்தாவின் வீட்டார் கொடுத்த பென்சில் தாள்களைப் பார்த்தார். கையெழுத்து வைத்தார். முதலாளி? "அவர் ஓரம் அளப்பார், நிறம் பாப்பார். வாசிக்கிறல்ல" என்று ராத்தா சொல்லியிருக்கிறார். இது உங்கள் கைக்கு வந்திருந்தால், ராத்தா சொன்னது சரி. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை அந்தத் தாள்கள்தான். முதலாளியின் மிஷினில், முதலாளியின் மையில்.

ராத்தாவின் பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பது, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் அனுப்பிய முழு எழுத்து, வால் விரிந்த ஞவோடு. கேட்கும் கடைக்கெல்லாம் சும்மா கொடுக்க வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: அடியில் ரிஸ்வானாவின் பெயர் வர வேண்டும். முதலாளி கேட்டு வந்தாலும் கொடுப்பேன். அவருக்கும் அதே நிபந்தனைதான்.