விருந்தாளிச் செருப்பு

மித்சுயே ஹதகேயாமாவிடம் மருந்து வாங்கப் போகிறவர்கள் திட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். வயிற்று வலிக்கு மாத்திரை கேட்டால் நேற்று எவ்வளவு குடித்தாய் என்று விசாரிப்பாள். தூக்கத்துக்குக் கேட்டால் பகலில் தூங்காதே என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஜப்பானின் வடக்கே, அகிதாவின் அந்தப் பனி ஊரில் வேறு மருந்துக்கடை இல்லாததால் அவள் பிழைப்பு ஓடியது. கணவன் இருந்தவரை அவன் சிரித்துச் சமாளித்தான். அவன் போனபிறகு அந்தக் கடையில் சிரிக்க ஆளில்லை.

கடையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வேலையும் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மருந்தாளர் பொறுப்பு. வகுப்பறையின் காற்று, வெளிச்சம், சத்தம் எல்லாவற்றையும் நாள் குறித்து அளந்து, முத்திரை குத்தி அறிக்கை தரவேண்டும். ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் பதினான்கு வருஷமாக அவள்தான். பதினான்கு வருஷமும் காற்று என்ற கட்டத்தில் 'குறை இல்லை' என்றே எழுதியிருந்தாள். பொய் எழுதவில்லை, அளந்ததைத்தான் எழுதினாள்.

இந்தக் குளிர்காலத்தில் சுமிரே என்ற நான்காம் வகுப்புப் பெண்ணின் அம்மா தலைவலி மாத்திரைக்கு மூன்றாம் முறையாக வந்து நின்றாள். பத்து வயசுப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை என்று மித்சுயே பாய்ந்தாள். திங்கள் முதல் வெள்ளிவரை மத்தியானமானால் தலை வலிக்கிறது, வகுப்பில் தூங்கி விழுகிறாள், சோம்பேறி என்று பெயர் எடுத்துவிட்டாள் என்று அம்மா அழாத குறையாகச் சொன்னாள். சனி, ஞாயிறு மட்டும் வலிப்பதில்லையாம். மித்சுயே மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். பிள்ளைக்கு மருந்து வேண்டாம், காற்றுதான் வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உதவித் தலைமையாசிரியர் நிஷினா வாசலில் காத்திருப்பார். பள்ளியில் எல்லோருக்கும் உள்ளே போட்டுக்கொள்ளச் சொந்தக் காலணி உண்டு. அவளுக்கு மட்டும் பதினான்கு வருஷமாக விருந்தாளிச் செருப்பு. பழுப்பு ரெக்ஸின், இரண்டு அளவு பெரிசு. போட்டுக்கொண்டு நடந்தால் படார் படாரென்று மூன்று மாடிக்கும் கேட்கும். முதலில் அலுவலகத்தில் தேநீர், பிறகு மெதுவாக மாடி. அவள் வகுப்புக்குப் போய்ச் சேரும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும், பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருஷம் தெருக்காற்றை அளந்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதையும் சேர்த்து நிஷினாவின் தலையில் போட்டுவிட்டு ஜனவரிச் சோதனைக்குப் புறப்பட்டாள்.

தேநீர் வேண்டாம் என்றாள். மாடிப்படியின் முதல் திருப்பத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. வெறும் காலுறையோடு மூன்றாம் மாடி ஏறி, நான்காம் வகுப்புக் கதவைத் தள்ளினாள்.

மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் முகத்தில் அடித்தன. முப்பத்தொரு பிள்ளைகள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. கடைசி வரிசையில் சுமிரே மேசைமேல் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். வகுப்பாசிரியர் குரோதா சாக்பீஸோடு அப்படியே நின்றார்.

"சொல்லிட்டு வந்திருக்கலாமே, சென்செய்."

"சொல்லிட்டு வந்துதான் பதினாலு வருஷமா ஏமாந்தேன்."

அங்கே பாடம் நடத்துகிறவரும் சென்செய்தான், மருந்து விற்கிறவளும் சென்செய்தான். மரியாதைக்கும் சொல்லலாம், மூக்கை உடைக்கவும் சொல்லலாம்.

அவள் கரியமில வாயுவை அளக்கும் கண்ணாடிக் குழாயின் நுனியை உடைத்து, பம்பில் பொருத்தி இழுத்தாள். நிறம் ஏறி ஏறி மூவாயிரத்து நானூறில் நின்றது. ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடாது என்பது விதி. கதவோரச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்ச் இருந்தது. அதன்மேல் குறுக்கே டேப் ஒட்டி, 'தொடாதே' என்று மையால் எழுதியிருந்தார்கள்.

வசமாக மாட்டினான் என்று உள்ளுக்குள் கொக்கரித்துக்கொண்டே கீழே இறங்கினாள். குழாயை நிஷினாவின் மேசைமேல் வைத்து, சுவிட்சுக்கு டேப் ஒட்டிய மகானுபாவன் யார் என்று கேட்டாள்.

நிஷினா பதறவில்லை. பீரோவைத் திறந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். எடுத்த வேகத்தைப் பார்த்தால் வெகுநாளாகத் தயாராக வைத்திருந்தது போலிருந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார். 'சத்தம்: ஐம்பத்து நான்கு டெசிபல். ஐம்பதுக்குள் இருக்கவேண்டும். பாட நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி வைக்கவும்.' அடியில் வட்டமாகச் சிவப்பு முத்திரை. ஹதகேயாமா.

அவள் கையெழுத்துதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் விளையாடப் போயிருந்த காலி வகுப்பில் உட்கார்ந்து அளந்தது. ஒரு குறை கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டாள்.

"நாங்க உங்க பேச்சத்தான் கேட்டோம், சென்செய். பதினோரு வருஷமா, ஒரு நாள் தவறாம."

"ஜன்னல எதுக்குத் தெறந்து வெச்சீங்க?"

"தெனமும் தெறந்தா பசங்க வெறச்சுப் போயிடும். நீங்க வர்றப்ப தெறக்கறது உங்களுக்கு ஒரு மரியாதை."

அறிக்கை கல்வி வாரியத்துக்குப் போனால் இந்தப் பக்கமும் கூடவே போகும், ஊருக்கும் தெரியும் என்று அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். வழக்கம்போல எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். அது இன்னும் சூடாகவே இருந்தது.

மித்சுயேவுக்கு முகம் காதுவரை எரிந்தது. இந்த மனுஷன் சிரிப்பதைத் தாங்கிக்கொள்வதைவிடச் சும்மா முத்திரை குத்திவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. பேனாவை எடுத்தாள், வைத்தாள். மேசைமேல் கன்னத்தை வைத்துக் கிடந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். தன் கை எழுதிய ஒரு வரியால் அவளுக்குச் சோம்பேறிப் பட்டம். மறுபடியும் பேனாவை எடுத்தாள். காற்று: தகுதியில்லை. காரணம்: எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொன்ன மருந்தாளரின் தவறு. முத்திரையை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினாள். தேநீர்க் கோப்பை ஆடியது.

"அப்ப ஏப்ரல்லருந்து வேற மருந்தாளரக் கேட்டு எழுதிடறேன்" என்றார் நிஷினா. இப்போது சிரிப்பு இல்லை.

"எழுதுங்க. அவருக்காவது கால் அளவு கேட்டு செருப்புக் குடுங்க."

பையை மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். இனி யாரிடம் மறைக்க வேண்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டே ஏறினாள். படார் படார். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது, பனித்தூள் உள்ளே பறந்தது. குரோதா வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளைகளே அவரவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். செருப்புச் சத்தம் கேட்டால் திறக்கவேண்டும் என்று அத்தனை நன்றாகப் பழக்கி வைத்திருந்தார்கள். கடைசி ஜன்னலில் சுமிரே, கண்கள் விரியத் திறந்திருந்தன.

மித்சுயே நேரே சுவிட்சிடம் போனாள். டேப்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தாள், பழைய டேப் துண்டு துண்டாகத்தான் வந்தது. சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் தூசியைக் கக்கிக்கொண்டு உறுமியது.

"இந்தச் சத்தத்துல நான் எப்படிப் பாடம் நடத்தறது?" என்றார் குரோதா.

"கத்துங்க. கடையில நான் கத்தல?"

பையை எடுத்துக்கொண்டு அவள் திரும்பியபோது சுமிரே கேட்டாள்.

"அடுத்த தடவ செருப்புச் சத்தம் கேட்டா தெறக்கணுமா, சென்செய்?"

"அடுத்த தடவ நான் வரமாட்டேன்டி" என்றாள் மித்சுயே. "சத்தம் கேக்காமலே தெறங்க."