நான் எழுதிய விதியும் கிடைக்காத காப்பியும்

தாதரில் டிராமை விட்டு இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து, வழக்கமான ஓட்டலில் போய் உட்கார்ந்தேன்.

தினமும் எனக்குக் காப்பி கொண்டுவரும் சர்வர் இசக்கி வந்தார். வெறுங்கையோடு.

“சார், ஞாயித்துக்கெழம பூப்பந்துக்கு நீங்கதான அம்பயரு? எங்க டீமும் ஆடுதுல்லா? நான் காப்பி தந்தா தப்பாயிரும்.”

எங்கள் சங்கம் நடத்தும் போட்டிக்கு அந்த விதியை எழுதியவன் நான்தான். போன வருஷம் ஓர் அணிக்காரர் வீட்டில் விருந்து சாப்பிட்ட நடுவருக்கு, கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தெல்லாம் உள்ளே விழுந்ததாகவே தெரிந்தது. அதனால், ஆடுகிறவர் கையால் நடுவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று எழுதினேன்.

கூடவே இன்னொன்றும் எழுதினேன்: சாதி, மதம், தொழில், பேட்டை எதுவும் பார்க்காமல் யாரும் ஆடலாம்.

“ஓட்டல் சர்வர்களோட நம்மாத்துப் பசங்க ஆடறதாவது, ஓய்!” என்று கமிட்டியில் இரண்டு பேர் குதித்தார்கள். நான் விடவில்லை.

இன்று இரண்டு விதிகளும் சேர்ந்து என் மேஜைக்கே வந்துவிட்டன.

“சரி, வேற யாரையாவது கொண்டு வரச் சொல்லுங்கோ.”

“இங்க சப்ளை பண்ற அஞ்சு பேரும்தான் சார் எங்க டீமு.”

கோபமே வரவில்லை. நான் எழுதியதை ஆபீஸில்கூட யாரும் இவ்வளவு மதித்ததில்லை. சந்தோஷமாகவே எழுந்து வந்தேன்.

இதைச் சங்கத்துப் பலகையில் ஒட்டுகிறேன். எந்த அணியிலும் இல்லாதவர் யாராவது எனக்குக் காப்பி வாங்கித் தருவதானால், கீழே பெயரை எழுதுங்கள்.

அந்த இரண்டு கமிட்டிக்காரர்கள் மட்டும் எழுத வேண்டாம்.